பேட்டரியைத் தராசில் வைத்துப் பாருங்கள்

ஒரு வியாழக்கிழமை காலை என் அக்கா மகன் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, கார் செத்துவிட்டது." ஞாயிறு மாலை வீட்டு வாசலில் நிறுத்திய சிட்டி கோல்ஃப். நடுவில் மூன்று நாள் நண்பனுடைய பக்கியில் (பின்னால் சரக்குத் தட்டு உள்ள பிக்கப் வண்டி) வேலைக்குப் போயிருக்கிறான். நான் போய் பானெட்டைத் திறந்தேன். பழைய பேட்டரி உட்கார்ந்திருந்த தட்டின் நடுவே, பள்ளிப் பிள்ளையின் சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது, பந்தயத்துக்காக எடை குறைக்க அவன் மாட்டிய லித்தியம் பேட்டரி. அதன் மேல் பெரிய எழுத்தில் 18 ஆம்பியர்-மணி என்று போட்டிருந்தது; எவ்வளவு மின்சாரம் பிடித்து வைக்கும் என்பதன் அளவு அது. மீட்டரை வைத்தால் பூஜ்யம் காட்டியது.

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், மெரேபேங்கில், 38 வருடமாக கார் மின்வேலை பார்க்கிறேன். பந்தயக் கார்களுக்கும் தெருக் கார்களுக்கும் எடை குறைந்த பேட்டரி மாட்டிக் கொடுத்திருக்கிறேன். மாட்டியதைக் கழற்றியும் கொடுத்திருக்கிறேன். இந்த வேலையில் ஏமாறுகிறவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். கார் ஓடும் நேரத்தை நினைத்துப் பேட்டரி வாங்குகிறார்கள், நிற்கும் நேரத்தை நினைப்பதில்லை. ஓடும்போது மின்சாரம் கொடுப்பது ஆல்டர்னேட்டர். பேட்டரிக்கு உண்மையான வேலை இரண்டே: நிற்கும் காருக்குத் தீனி போடுவது, பிறகு ஸ்டார்ட்டரைச் சுழற்றுவது. கிலோவில் மிச்சம் பிடிக்கிறவர் அதை நாட்களில் கட்டுகிறார்.

ஆகவே கடைக்குப் போகும் முன், உங்கள் கார் தூங்கும்போது எவ்வளவு குடிக்கிறது என்று அளந்துவிடுங்கள். சாதாரண மல்ட்டிமீட்டர் போதும். அதை 10 ஆம்பியர் நிலையில் வைத்து, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, வயருக்கும் முனைக்கும் நடுவில் மீட்டரைச் சேருங்கள். கதவைத் திறந்து வைத்துத்தான் வேலை செய்ய வேண்டுமென்றால், பூட்டின் நாக்கை ஒரு ஸ்க்ரூடிரைவரால் மடக்கி, மூடியது போலக் காரை நம்ப வையுங்கள். பிறகு அரை மணி நேரம் தேநீர் குடியுங்கள். இன்றைய கார்களில் சின்னச் சின்ன கணினிகள் ஒவ்வொன்றாகத்தான் உறங்கப் போகும். முதல் நிமிடத்தில் காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டு பயப்பட வேண்டாம். மீட்டர் நடுவில் இருக்கும்போது மறந்தும் சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்யாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். நானே மூன்று ஃபியூஸ் எரித்திருக்கிறேன்.

ஒழுங்கான கார் 20 முதல் 50 மில்லி ஆம்பியர் குடிக்கும். அக்கா மகனுடைய காரில் 85 காட்டியது. அலாரம் ஒன்று, காப்பீட்டுக்காரர்கள் கேட்டதால் பொருத்திய டிராக்கர் ஒன்று, சீட்டுக்குப் பின்னால் ஒழுங்காக அணையாத ஆம்ப்ளிஃபையர் ஒன்று. 85 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளுக்கு 2 ஆம்பியர்-மணி. ஞாயிறு மாலையிலிருந்து வியாழன் காலை வரை 7 ஆம்பியர்-மணி. பெட்டியில் 18 என்று எழுதியிருக்கிறதே, பிறகு ஏன் செத்தது?

எழுதியிருப்பதை நம்பியதால்தான். லித்தியம் பேட்டரி விற்பவர்களில் சிலர், "ஈய பேட்டரிக்கு இணையான" அளவு என்று ஒன்றை அச்சிடுகிறார்கள். ஈய பேட்டரியின் கொள்ளளவில் ஒரு பகுதியைத்தான் ஸ்டார்ட் செய்யப் பயன்படுத்த முடியும், லித்தியத்தில் கிட்டத்தட்ட முழுவதையும் பயன்படுத்தலாம், அதனால் 6-ஐ 18 என்று போடலாம் என்பது அவர்கள் வாதம். சாவியைத் திருப்பும் அந்த மூன்று விநாடிக்கு அந்தக் கணக்கில் கொஞ்சம் உண்மை உண்டு. மூன்று நாள் நிற்பதற்கு எந்த உண்மையும் கிடையாது. டிராக்கருக்கு இணை எல்லாம் தெரியாது. அது குடிப்பது அசல் ஆம்பியர்.

இந்த ஏமாற்றைப் பிடிக்க இரண்டு வழி உண்டு. பெட்டியின் பக்கவாட்டிலோ அடியிலோ சிறு எழுத்தில் வாட்-மணி அளவு இருக்கும்; விமானத்தில் ஏற்றும் விதிகளுக்காக அதைப் போட்டாக வேண்டும், அதில் யாரும் விளையாட மாட்டார்கள். அதை லித்தியம் பேட்டரியின் பெயரளவு வோல்ட்டான 12.8-ஆல் வகுங்கள். அவன் பெட்டியின் அடியில் 77 இருந்தது. வகுத்தால் 6 ஆம்பியர்-மணி. அந்த எழுத்தும் அழிந்திருந்தால் காய்கறிக் கடைத் தராசு இருக்கிறது. கார்களுக்கு வரும் லித்தியம் பேட்டரிகளில் பெரும்பாலானவை லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. அந்தச் செல்கள் கிலோவுக்கு 100 வாட்-மணிக்கு அக்கம்பக்கமாகத்தான் தாங்கும். நிஜமான 18 ஆம்பியர்-மணிக்கு 230 வாட்-மணி வேண்டும், செல் மட்டுமே இரண்டு கிலோவுக்கு மேல் எடை போடும். அந்தப் பெட்டி மொத்தமே 1.3 கிலோ. காவடிக்கு விரதம் இருப்பவரைக் கூட இவ்வளவு மெலிய விடமாட்டோம்.

இப்போது உங்கள் கணக்கைப் போடுங்கள். மில்லி ஆம்பியரை 24-ஆலும், கார் அதிகபட்சம் நிற்கக்கூடிய நாட்களாலும் பெருக்கி, 1000-ஆல் வகுங்கள். 30 மில்லி ஆம்பியர், ஒரு வாரம் என்றால் 5 ஆம்பியர்-மணி. லித்தியத்தில் அதைப்போல இரண்டு மடங்கு உண்மைக் கொள்ளளவு வாங்குங்கள், ஈயத்தில் மூன்று மடங்கு. இது எந்த நூலிலும் உள்ள விதி அல்ல, என் கடையின் விதி. வண்டி ஒவ்வொரு நாளும் ஓடுகிறது, அலாரம் டிராக்கர் எதுவும் இல்லை, வீட்டில் சார்ஜர் சொருகி வைக்க இடம் இருக்கிறது என்றால் தாராளமாகக் குறைக்கலாம். டிரெய்லரில் ஏற்றிப் போகும் சுத்தமான பந்தயக் காருக்கு இந்தக் கணக்கே வேண்டாம்; மாஸ்டர் சுவிட்சை அணைத்துவிட்டால் அது எதையும் குடிக்காது.

அடுத்தது ஸ்டார்ட்டர். லேபிளில் சி.சி.ஏ. என்று ஓர் எண் இருக்கும். முழுதாக சார்ஜ் ஆன பேட்டரி மைனஸ் 18 டிகிரியில் 30 விநாடி, 7.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் எத்தனை ஆம்பியர் தரும் என்பதே அதன் பொருள். மைனஸ் 18 டிகிரியை டர்பன் கடற்கரை எந்தக் காலத்தில் பார்த்தது? அதனால் இங்கே சூடான ஊரில், சிறிய பெட்ரோல் என்ஜினுக்கு, தொழிற்சாலை போட்ட எண்ணில் பாதி இருந்தாலும் ஓட்டிவிடலாம். டீசல் பக்கிக்கு அதைச் செய்யாதீர்கள். கம்ப்ரஷன் உயர்த்திய என்ஜினுக்கும் செய்யாதீர்கள். கிளாம்ப் மீட்டர் வைத்திருக்கும் மின்வேலைக்காரரிடம் போய் ஸ்டார்ட்டர் இழுக்கும் கரண்ட்டை அளந்துகொள்வது இன்னும் நல்லது. அக்கா மகனின் 1.6 லிட்டர் என்ஜின் சுழலும்போது 130 ஆம்பியருக்குப் பக்கத்தில் இழுத்தது. முதல் துடிப்பு அதைவிடப் பல மடங்கு.

இங்கேயும் லேபிளில் ஒரு கண்கட்டு உண்டு. பந்தயக்காரர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் ஒடிசி பிசி 680 என்ற ஏ.ஜி.எம். பேட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல பொருள், நானே பல கார்களில் மாட்டியிருக்கிறேன். ஏறத்தாழ 7 கிலோ, 16 ஆம்பியர்-மணி. அதன் பெயரில் உள்ள 680, ஐந்து விநாடித் துடிப்பின் அளவு. அதன் சி.சி.ஏ. 170தான். நிறுவனம் எதையும் மறைக்கவில்லை, இரண்டையும் வெளியிட்டிருக்கிறது. ஆனால் பழைய பேட்டரியில் 400 சி.சி.ஏ. என்று பார்த்துவிட்டு, 680 அதைவிடப் பெரியது என்று சந்தோஷப்படும் பையன்களை நான் வாரம் ஒருவர் வீதம் சந்திக்கிறேன். எந்த இரண்டு பேட்டரியை ஒப்பிட்டாலும் சி.சி.ஏ.வை சி.சி.ஏ.வோடு ஒப்பிடுங்கள்.

ஏ.ஜி.எம். என்பதும் ஈய பேட்டரிதான். அமிலத்தைக் கண்ணாடி நார்ப் பாய் உறிஞ்சி வைத்திருப்பதால் அது தளும்பாது, சாய்த்தாலும் சிந்தாது, உள்தடை குறைவு என்பதால் சின்ன உடம்பில் பெரிய உதை உதைக்கும். எடை குறைப்பில் இது பாதி வழி. ஆனால் சாதாரண சார்ஜரோடும் சாதாரண ஆல்டர்னேட்டரோடும் சண்டை போடாமல் குடும்பம் நடத்தும். தெருவில் ஓட்டுகிற காருக்கு யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். சிலர் கேட் மோட்டாரில் இருக்கும் 7 ஆம்பியர்-மணி பேட்டரியைக் கழற்றி வந்து "இதுவும் 12 வோல்ட்தானே அண்ணா" என்பார்கள். லோட்ஷெடிங் நேரத்தில் கேட்டைத் திறக்கப் பிறந்த பிராணி அது. மெல்ல மெல்லக் கொடுக்கத் தெரியும், உதைக்கத் தெரியாது. ஸ்டார்ட்டரில் கோர்த்தால் நாலைந்து முறையில் தகடு வளைந்து போகும்.

லித்தியம் வேண்டுமென்றால், அது யாருக்குப் பொருந்தும் என்று போர்ஷே காட்டிய வழி எனக்குப் பிடிக்கும். 2010-இல் 911 ஜிடி3, ஜிடி3 ஆர்எஸ், பாக்ஸ்டர் ஸ்பைடர் கார்களுக்கு விருப்பப் பொருளாக லித்தியம் பேட்டரி கொடுத்தார்கள். 6 கிலோவுக்கும் குறைவு; வழக்கமான 60 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியைவிட 10 கிலோவுக்கு மேல் குறைவு. அத்தோடு நிற்காமல், அதை வாங்கியவருக்கு வழக்கமான ஈய பேட்டரி ஒன்றையும் சேர்த்தே கொடுத்தார்கள், குளிர்காலத்தில் மாற்றிக்கொள்வதற்காக. லித்தியத்தின் குணம் அந்த இரண்டாவது பேட்டரியிலேயே எழுதியிருக்கிறது.

அந்தக் குணத்தை நான் கயாலமி பந்தயத் தடத்தில் கண்டேன். டர்பனிலிருந்து மலை ஏறிப் போனால் ஜோகன்னஸ்பர்க் பக்கம் 1,500 மீட்டருக்கு மேல் உயரம். ஜூலை மாத விடியற்காலையில் புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். ஒரு நண்பருடைய காரைப் பிட்டில் ஸ்டார்ட் செய்தோம். முதல் முயற்சியில் ஒரு முனகல். இரண்டாவதில் ஒரு 'டக்'. அவர் சார்ஜரைத் தேடி ஓடினார். நான் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு இரண்டு நிமிடம் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றேன். பிறகு சாவியைத் திருப்பினால் குதித்து எழுந்தது. குளிர்ந்த லித்தியம் சோம்பலாக இருக்கும், கொஞ்சம் கரண்ட் இழுத்தால் தன் சூட்டிலேயே விழித்துக்கொள்ளும். ஆனால் அவர் கொண்டுவந்த சார்ஜரைச் சொருக விடவில்லை. பூஜ்ய டிகிரிக்குக் கீழே லித்தியம் செல்லுக்குள் சார்ஜ் தள்ளினால், லித்தியம் உலோகமாகப் படிந்து செல் நிரந்தரமாகக் கெடும்.

சார்ஜ் விஷயத்தில் இன்னும் சில. காரின் ஆல்டர்னேட்டர் எத்தனை வோல்ட் தருகிறது என்று முதலில் பாருங்கள். என்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.8-க்கும் 14.4-க்கும் நடுவில் இருந்தால் இரண்டு வகைக்கும் சரி. 14.6-க்கு மேல் போனால் லித்தியம் வேண்டாம். புதுக் கார்களில் ஆல்டர்னேட்டரைக் கணினி ஆட்டி வைக்கும். ஒரு சமயம் 12.5, இன்னொரு சமயம் 15 என்று ஏறி இறங்கும். அப்படிப்பட்ட காரில் தொழிற்சாலை சொன்ன பேட்டரியைத் தவிர வேறெதையும் நான் மாட்டுவதில்லை. வீட்டு சார்ஜரில் பழைய ஈய பேட்டரியை உயிர்ப்பிக்கும் ஒரு பொத்தான் இருக்கும். அது 15 வோல்ட்டுக்கு மேலே உதைக்கும், லித்தியத்தோடு அதைத் தொடவே கூடாது. லித்தியத்துக்குள்ளே காவல் பலகை ஒன்று இருக்கிறது. வோல்ட் மீறினாலும் குறைந்தாலும் அது இணைப்பைத் துண்டிக்கும். அக்கா மகனின் பெட்டியில் மீட்டர் பூஜ்யம் காட்டியது அதனால்தான். ஓடுகிற காரில் அது துண்டித்தால் ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தம் தாங்க ஆளில்லாமல் எகிறி மற்ற மின்னணுப் பொருள்களையும் அடிக்கலாம். குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்த கதை. காவல் பலகையே இல்லாத மலிவுப் பெட்டியும், பொம்மை விமானத்தில் வரும் பை போன்ற லித்தியம் பேட்டரியும் இதைவிட மோசம். அவற்றை என் கடைக்குள் விடுவதில்லை.

வோல்ட்டைப் பார்த்து மீதியைக் கணிக்கும் பழக்கம் லித்தியத்தில் உதவாது. ஓய்ந்திருக்கும் ஈய பேட்டரியில் 12.6 முழுசு, 12.2 பாதி, 12.0 ஏறக்குறையக் காலி. லித்தியம் 13.3-இல் தொடங்கி வெகு நேரம் 13.2 பக்கத்திலேயே நின்று, 12.8 வந்தால் கதை முடிகிறது என்று பொருள். ஈயத்தின் கண்ணால் பார்த்தால் சாகப்போகும் லித்தியமும் கொழுத்துத் தெரியும்.

ஆல்டர்னேட்டரே நின்றுபோனால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். ஒருமுறை இரவில் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து என்-3 சாலையில் திரும்பும்போது, ஹாரிஸ்மித் தாண்டியதும் ஆல்டர்னேட்டரின் கார்பன் தேய்ந்து சார்ஜ் சிவப்பு விளக்கு எரிந்தது. விளக்கு, பெட்ரோல் பம்ப், இக்னிஷன் எல்லாம் சேர்ந்து 20 ஆம்பியர். தட்டில் 45 ஆம்பியர்-மணி ஈயம் இருந்ததால், வான் ரீனன் கணவாயைக் கடந்து மலை இறங்கி, வெளிச்சமுள்ள பெட்ரோல் நிலையத்துக்கு வந்து சேர்ந்தேன். ஆறு ஆம்பியர்-மணி இருந்திருந்தால் 18 நிமிடம். அந்த மலை வளைவில் லாரிகளுக்கு நடுவே விளக்கில்லாமல் நிற்பதை இன்றும் நினைக்க விரும்பவில்லை.

எடையின் பக்கம் வருவோம். அக்கா மகனுடைய பழைய பேட்டரி என் தராசில் 13.4 கிலோ. புதியதால் மிச்சம் 12 கிலோ. பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோதான். 16 லிட்டர் குறைவாக ஊற்றினால் அதே மிச்சம், காசும் மிச்சம். கேலிக்காகச் சொல்லவில்லை. முன் சக்கரங்களுக்கு முன்னால் ஓர் ஓரத்தில் தொங்கும் 12 கிலோவை எடுத்தால் வளைவில் முகப்பு திரும்பும் விதத்தில் வித்தியாசம் தெரியும், அது உண்மை. ஆனால் உங்கள் பந்தயப் பிரிவில் குறைந்தபட்ச எடை என்று ஒன்று இருந்து, கார் ஏற்கெனவே அதில் நிற்கிறதென்றால், குறைத்த எடையை ஈயக் கட்டியாகக் காரின் தரையில் போட வேண்டியிருக்கும். அது தாழ்வாக இருக்கும் என்ற லாபம் மட்டும்தான். சில பிரிவுகளில் பேட்டரியின் இடத்தை மாற்றவே விடமாட்டார்கள், விதிப் புத்தகத்தை வாங்கிப் படித்துவிட்டுச் செலவு செய்யுங்கள்.

பேட்டரியைப் பின் டிக்கிக்கு மாற்றும் ஆசையும் பலருக்கு வரும். பெரிய ஈய பேட்டரிக்கு அதில் நியாயம் இருக்கிறது. 35 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் நாலு மீட்டர் இழுத்தால் செம்பு மட்டும் 1.25 கிலோ, உறையோடு ஒன்றரை. சின்ன லித்தியத்துக்கு இதைச் செய்கிறவர் பேட்டரியைவிடக் கனமான வயரைக் கட்டுகிறார். இழுத்தே தீருவேன் என்றால், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் வையுங்கள், தகட்டைத் துளைக்கும் இடத்தில் ரப்பர் வளையம் போடுங்கள். பந்தயக் காரின் மாஸ்டர் சுவிட்ச் ஆல்டர்னேட்டரையும் சேர்த்து அணைக்கும் வகையாக இருக்க வேண்டும். பேட்டரியை மட்டும் வெட்டினால் என்ஜின் ஆல்டர்னேட்டரைக் கொண்டே ஓடிக்கொண்டிருக்கும்.

மாட்டும் வேலை சின்னது, சோம்பல்தான் அதைக் கெடுக்கிறது. இங்கே கடைகளில் பேட்டரியை 646, 652 என்று மூன்று இலக்க எண்ணால் கேட்பார்கள்; அந்த எண்ணில் உடல் அளவும் முனைகளின் அமைப்பும் அடங்கும். பந்தயப் பேட்டரிகளுக்கு அந்த எண் கிடையாது. முனை எந்தப் பக்கம், உங்கள் வயர் எட்டுமா என்று நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். தடித்த முனையில் பாசிட்டிவ் 19.5 மில்லிமீட்டர், நெகட்டிவ் 17.9, ஜப்பான் கார்களின் மெல்லிய முனை 14.7, 13. சின்னப் பேட்டரிகளில் முனையே இருக்காது, ஆறு மில்லிமீட்டர் போல்ட்தான். பித்தளை அடாப்டர் வாங்குங்கள், தகரத்தை மடக்கி இடுக்காதீர்கள். அடியில் காலி இடத்தை மரக்கட்டையாலும் சைக்கிள் டியூபாலும் நிரப்பாமல், சரியான உலோகச் சட்டத்தில் இறுக்குங்கள். முனைகளில் கொஞ்சம் வாசலின் தடவுங்கள். எங்கள் கடல் காற்று ஆறு மாதத்தில் பச்சை பூக்க வைத்துவிடும். மாட்டியபின் மீட்டரைப் பேட்டரி முனையில் வைத்து ஸ்டார்ட் செய்யும்போது 9.6-க்குக் கீழே இறங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள். இறங்கினால் பேட்டரி போதாது, அல்லது ஸ்டார்ட்டர் கிழடாகி அதிகம் இழுக்கிறது.

அக்கா மகன் விஷயத்தில் முதலில் அந்த ஆம்ப்ளிஃபையரின் வயரைச் சரிசெய்தேன். 85 மில்லி ஆம்பியர் 35 ஆனது. பிறகு 7 கிலோ ஏ.ஜி.எம். ஒன்றை மாட்டினோம். வாரம் முழுக்க நிற்கும் பழக்கம் இருந்தால் என் கணக்குப்படி இது விளிம்பில்தான் நிற்கிறது, புதன்கிழமை ஒரு சுற்று ஓட்டு என்று சொல்லியிருக்கிறேன். லித்தியத்தை அவன் தூக்கிப் போடவில்லை. பந்தய நாளில் காலையில் அதை மாட்டுகிறான், மாலையில் கழற்றி ஏ.ஜி.எம்.மை வைக்கிறான், போர்ஷேக்காரன் மாதிரி. இரண்டு போல்ட், பத்து நிமிடம்.

பழைய ஈய பேட்டரியைக் கடையில் கொடுத்து வைப்புத்தொகையைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், அது உருக்காலைக்குப் போகும். ஆனால் செத்த லித்தியத்தை அந்தக் குவியலில் போட்டுவிடாதீர்கள். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்று போலவே இருக்கும்; ஈயம் உருக்கும் உலைக்குள் லித்தியம் போனால் வெடிக்கும். முனைகளில் டேப் ஒட்டி, இது லித்தியம் என்று தடித்த பேனாவால் எழுதி, மின்னணுக் கழிவு வாங்குகிறவரிடம் தனியாகக் கொடுங்கள்.